பெயரிட்ட கையும் வரைந்த கையும்: இராபர்ட் வைட்டின் தாவர வகைப்பாட்டுப் பணி – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத் தாவரங்களை வகைப்படுத்திய இராபர்ட் வைட்டின் வாழ்க்கையும் நூல்களும் தமிழ் ஆய்வுலகில் பெரும்பாலும் தகவலாகவே எடுத்தாளப்பட்டுள்ளன. திறனாய்வுக்கு உட்படுத்தப்பட்டது குறைவு. அவருடைய பணியில் உள்ளூர் ஓவியர், தாவரம் திரட்டியோர், உள்ளூர்ப் பெயர்கள் ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் பதிவு பெற்றுள்ளன. இவ்வேறுபாட்டையும், சங்க இலக்கியத் தாவரங்களை அடையாளம் காண்பதில் இலத்தீன் பெயர்கள் கையாளப்படும் முறையோடு அதற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வகைப்பாட்டியல், இராபர்ட் வைட், இரங்கையா, கோவிந்து, உலர்மாதிரி, சங்கத் தாவரங்கள்.

முன்னுரை

ஆவடியை அடுத்த சேக்காடு தொடங்கிப் பூந்தமல்லி வரையிலான பகுதியில், வீட்டு மனைகளாக மாறாமல் எஞ்சியுள்ள வேலிகளிலும் ஏரிக்கரைகளிலும் முசுமுசுக்கை படர்வதைக் காணலாம். சளிக்கும் இருமலுக்கும் அதன் இலையை அரைத்து மாவில் கலந்து அடையாகவும் தோசையாகவும் உண்பது இப்பகுதி மக்களின் வழக்கம். இக்கொடிக்கு 1753இல் லின்னேயஸ் இட்ட இருசொற்பெயர் குக்குமிஸ் மதராஸ்படானஸ் என்பதாகும். மேலாநெல்லியின் பெயரான ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸிலும், மாசிபத்திரியின் பெயரான கிராஞ்சியா மதராஸ்படானாவிலும் இதே ஊர்ப்பெயர் உள்ளது. சென்னை என்னும் ஊர் உலகத் தாவரவியலில் இவ்வாறு நிலைத்துவிட்டது. முசுமுசுக்கை என்னும் சொல்லோ அவ்வாறு நிலைக்கவில்லை.

ஊரின் பெயர் ஏற்கப்பட்டு அவ்வூர் மக்களின் சொல் விடுபட்டதைக் காலனிய அபகரிப்பு என்று ஒரே சொல்லால் முடித்துவிடுவது எளிது. தென்னிந்தியத் தாவரவியலின் முன்னோடி என்று வைட்டைப் போற்றி அமைவதும் அதைப் போலவே எளிது. இவ்விரு நிலைகளும் அவருடைய நூல்களைத் திறந்து பார்க்காமலேயே எடுக்கத்தக்கவை.

வைட்டுக்கு முன்

சென்னைச் சுற்றுப்புறத் தாவரங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றது வைட்டுக்கு நூறாண்டுகளுக்கும் முன்பே தொடங்கியது. புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் 1690களில் இப்பகுதியின் செடிகொடிகளைத் திரட்டி, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் குறித்து இலண்டனுக்கு அனுப்பினார். மருந்துக்கடைக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை அரசு கழகத்தின் ஆய்விதழில் 1698 முதல் வெளியிட்டார். அக்காலத்தில் தமிழை ஐரோப்பியர் ‘மலபார்’ மொழி என்றே குறித்தனர். ஆதலால் அத்தலைப்பின்கீழ் வருவனவற்றை மலையாளம் என்று கொண்டு ஆய்வாளர் கடந்துவிடும் வாய்ப்பு உண்டு. சென்னையிலிருந்து சென்ற மாதிரிகளைப் படமாக்கி வெளியிட்ட ப்ளக்னெட்டின் நூல்கள் வழியாகவே லின்னேயஸின் ‘மதராஸ்படானா’ப் பெயர்களிற் பல பிறந்தன. பிரவுனின் தாள்களில் தமிழ்ப் பெயரும் இருந்தது, ஊர்ப்பெயரும் இருந்தது. லின்னேயஸின் கைக்கு வந்தபோது ஊர்ப்பெயர் மட்டுமே எஞ்சியது.

மேலைக் கடற்கரையில் நிகழ்ந்தது வேறு. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் வான் ரீடு மலையாளப் பெயர்களையே தலைப்புகளாக வைத்தார். இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரின் சான்றுரையும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோரின் சான்றுரையும் அந்நூலிலேயே அச்சாகியுள்ளன. சோழமண்டலக் கரைக்கு அத்தகைய நூல் வாய்க்கவில்லை. இக்கரையின் தாவரங்களை முந்நூறு படங்களில் வெளிக்கொணர்ந்த ராக்ஸ்பரோவின் பெருநூல் (1795–1820) அப்படங்களை வரைந்த இந்திய ஓவியரின் பெயர்களைத் தாங்கி வரவில்லை. இந்தக் குறை வைட்டின் நூல்களை மதிப்பிடும்போது ஓர் அளவுகோலாகும்.

பணியும் பணிநீக்கமும்

ஸ்காட்லாந்தில் 1796இல் பிறந்த வைட், எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். தாவரவியல் அவருக்குத் தொடக்கத்தில் ஓய்வுநேரப் பணியே. 1826இல் ‘சென்னை இயற்கையறிஞர்’ என்னும் அரசுப் பதவி கிடைத்தது. 1828இல் ஆளுநர் லஷிங்டன் சிக்கனம் கருதி அப்பதவியையே நீக்கினார். ஹெய்ன், கிளைன், ரோட்லர் முதலியோர் திரட்டி வைத்திருந்த சென்னைத் தொகுப்பும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. தமிழகத்தில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்த சான்றுகள் ஓர் அரசாணையால் கடல் கடந்தன. தமிழகத்தில் இருந்துகொண்டு தமிழகத் தாவரங்களை ஆராய்வது பின்வந்தோர்க்கு அரிதானதற்கு இந்நிகழ்வு முதன்மையான காரணங்களுள் ஒன்று. வைட்டின் வாழ்க்கைக் குறிப்புகளில் இது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது. அவருக்கு நேர்ந்த தனிப்பட்ட பின்னடைவாக மட்டுமே கூறப்படுகிறது.

நாகப்பட்டினத்தில் படைப்பிரிவு மருத்துவராகப் பணியமர்த்தப்பட்ட காலம் அவருக்குத் தண்டனையாக இருந்திருக்கலாம். எனினும் அவருடைய தாவரவியல் உறுதிப்பட்டது அங்கேதான். கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்கு மாதிரிகளையும் இரங்கையாவின் ஓவியங்களையும் அவர் அங்கிருந்து அனுப்பத் தொடங்கினார். 1831இல் விடுப்பில் தாயகம் திரும்பியபோது அவருடன் சென்ற உலர்மாதிரிகள் ஏறத்தாழ ஒரு இலட்சம். எடை இரண்டு டன். அவை மூவாயிரம் முதல் நாலாயிரம் வரையான சிற்றினங்களைச் சேர்ந்தவை. இவ்வளவையும் ஒரு படை மருத்துவர் தனியே பறித்து, அழுத்தி, உலர்த்தி, கட்டியிருக்க இயலாது. அவர் பயிற்றுவித்த இந்தியத் திரட்டாளர் பலர் இப்பணியில் இருந்தனர்.

1834இல் திரும்பிய பின் பெல்லாரியிலும் பாளையங்கோட்டையிலும் படைப்பிரிவோடு அலைந்தார். 1836இல் அவர் வருவாய்த் துறையின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, பருத்தி, புகையிலை, நிலாவாகை முதலிய வணிகப் பயிர்களை ஆராயப் பணிக்கப்பட்டார். 1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திப் பண்ணைகளின் மேற்பார்வை அவர் பொறுப்பாயிற்று. தாவர அறிவும் வரி வருவாயும் இணைந்து செல்வது அன்று புதிதன்று. 1800இல் ஃபிரான்சிஸ் புக்கானன் மைசூர் நோக்கிப் புறப்பட்ட பயணத்தின் முதல் நாள்களிலேயே செம்பரம்பாக்கம் ஏரியின் பாசனத்தை விரிவாகக் குறித்தார், அவரும் தாவரவியலாளரே. ஆயினும் வைட்டிடம் ஒரு வேறுபாடு உண்டு. கம்பெனி அவரிடம் கேட்டது பருத்தி. அவர் பெருமளவு தம் செலவிலேயே வெளிக்கொணர்ந்ததோ வணிகப் பயனற்ற ஆயிரக்கணக்கான செடிகளின் படங்கள். 1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற அவர் 1872இல் மறைந்தார். 110 பேரினங்களையும் 1267 சிற்றினங்களையும் அவர் புதிதாக விவரித்ததாகக் கணக்கிடுவர்.

இயற்கை முறையும் தொல்காப்பிய ஒப்பீடும்

ஆர்னாட்டுடன் இணைந்து வைட் 1834இல் வெளியிட்ட ப்ரோட்ரோமஸ், தென்னிந்தியத் தாவரங்களை ‘இயற்கை முறை’யில் அடுக்கிய நூல். ராக்ஸ்பரோ லின்னேயஸின் முறையைப் பின்பற்றினார். அம்முறையில் மகரந்தத் தாள்களை எண்ணினால் செடியின் வகுப்பு கிடைத்துவிடும். ஆனால் உறவற்ற செடிகள் ஒரே கூட்டில் விழும். டி கண்டோலின் முறையோ விதை, தண்டு, இலை, மலர் என எல்லா உறுப்புகளின் ஒப்புமையையும் எடைபோட்டு உறவை முடிவு செய்வது. கையாள்வதற்குக் கடினமானது, ஆனால் ஒரு செடியின் குடும்பம் தெரிந்தால் அதன் இயல்புகளை ஓரளவு ஊகிக்க உதவுவது. மருத்துவரான வைட்டுக்கு இது கவர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை. ப்ரோட்ரோமஸ் முதல் தொகுதியோடு நின்றுபோனது அந்நூலின் பெருங்குறை.

டி கண்டோல் பூக்கும் தாவரங்களைப் புறவளர்வன, அகவளர்வன எனப் பிரித்தார். பனை, மூங்கில் போன்றவற்றில் புதிய நார்கள் நடுவில் தோன்றிப் பழையவற்றை வெளியே தள்ளுவதால் புறம் கடினமாகிறது என்பது அன்றைய கருத்து. தொல்காப்பிய மரபியல் புறக்காழ் உடையவற்றைப் புல் என்றும் அகக்காழ் உடையவற்றை மரம் என்றும் கூறுவது தமிழாய்வாளர் நன்கறிந்தது. இதை ஒருவிதையிலை, இருவிதையிலைப் பாகுபாட்டின் முன்னோடியாகக் காட்டும் கட்டுரைகள் பல. ஒப்புமை உண்மையானதே, பனையைத் தொட்டுப் பார்த்த எவரும் அதே வேறுபாட்டைக் காண்பர். ஆனால் டி கண்டோலின் வளர்ச்சி விளக்கம் பிழை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டது. பிழையான விளக்கத்தோடு ஒத்திருப்பது மரபியலுக்குப் பெருமை சேர்க்காது. மரபியலின் நோக்கமும் வேறு. பனைக்கு ஓலையும் மடலும், மாவுக்கு இலையும் தளிரும் என்று எந்தச் சொல் எதற்கு உரியது எனச் சொல்மரபை வரையறுப்பது அதன் வேலை. அது செடிகளின் உறவை ஆராயவில்லை, சொற்களின் உரிமையை ஆராய்கிறது. தன் களத்தில் அது துல்லியமானது. அத்துல்லியத்தை மதிப்பதற்கு டி கண்டோலின் சான்றிதழ் தேவையில்லை.

கல்லச்சும் ஓவியரும்

வைட்டின் புகழ் நிற்பது ஐகோனிஸ் பிளான்டாரம் இண்டியே ஓரியன்டாலிஸ் என்னும் நூலில். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2101 படங்களைக் கொண்டு சென்னையில் கல்லச்சில் வெளிவந்தது. படங்களுக்கு வண்ணமில்லை, விலையைக் குறைத்து எண்ணிக்கையைப் பெருக்குவது வைட்டின் திட்டம். இதே காலத்தில் வந்த இல்லஸ்ட்ரேஷன்ஸ், நீலகிரித் தாவரங்களுக்கான ஸ்பிசிலேஜியம் ஆகியன வண்ணப் படங்கள் கொண்டவை. ஐகோனிஸின் தொடக்கத் தொகுதிகளில் பல படங்கள் கல்கத்தாத் தோட்டத்திலிருந்த ராக்ஸ்பரோவின் ஓவியங்களைப் படியெடுத்தவை. ஆகவே 2101 என்னும் எண்ணை வைட்டின் சொந்தக் களப்பணியின் அளவாகக் கொள்ளக் கூடாது.

வைட்டுக்காக முதலில் வரைந்தவர் இரங்கையா. 1840களின் நடுவில் அவர் இடத்துக்குக் கோவிந்து வந்தார். படத்தின் அடியில் ஓவியரின் பெயர் அச்சிடப்படுவது வைட்டின் நூல்களில் வழக்கமாயிற்று. ராக்ஸ்பரோவின் பெருநூலோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றமன்று. தஞ்சைப் பகுதியில் தெலுங்கு பேசிய ஓவியர் மரபோடு இவ்விருவரையும் ஹென்றி நோல்டி இணைத்துக் காண்கிறார். எடின்பரோ அரசுத் தாவரவியல் தோட்டத்தில் உள்ள எழுநூறளவிலான மூல ஓவியங்களை ஆராய்ந்து 2007இல் அவர் வெளியிட்ட மூன்று தொகுதிகளே இவ்விருவரையும் ஓவியர்களாக மீட்டெடுத்தவை. அதற்கு ஈடான ஆய்வு தமிழிலோ தெலுங்கிலோ முன்னரே வந்திருக்க வேண்டும்.

நோல்டியின் பணி பெரிது. அதில் விவாதிக்கத்தக்கதும் உண்டு. ஓவியரின் திறனை அழகியலாகப் போற்றும் பார்வை, அவர்களை வகைப்பாட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஐகோனிஸ் படங்களில் செடியின் கிளையைச் சுற்றிச் சிறுசிறு உறுப்புப் படங்கள் அமைந்துள்ளன: பிளந்த சூலகம், விரித்த அல்லி, பெரிதாக்கிய மகரந்தத் தாள். இயற்கை முறையில் பேரினத்தை முடிவு செய்பவை இவ்வுறுப்புகள்தாம். சூலின் ஒட்டுமுறை ஒரு மயிரளவு மாறி வரையப்பட்டால் செடி வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். எதை வெட்டுவது என்பதை வைட் முடிவு செய்திருக்கலாம். உருப்பெருக்கியின் கீழ் கண்டதைக் கோட்டால் தீர்மானித்தவர் ஓவியர். ஆகவே ‘வரைந்தவர்’ என்ற அடிக்குறிப்பு அவர்கள் பங்கை முழுமையாகக் கூறவில்லை.

வைட் இதை ஓரளவு உணர்ந்திருந்தார் எனக் கொள்ள இடமுண்டு. ஐகோனிஸின் இறுதித் தொகுதியில் ஓர் ஆர்க்கிடுக்குக் கோவிந்தூயியா என்று பேரினப் பெயரிட்டார். ஐரோப்பியப் புரவலரின் பெயர்களால் நிரம்பிய பேரினப் பட்டியலில் ஒரு தென்னிந்திய ஓவியரின் பெயர் இவ்வாறு ஏறியது. ஆனால் அச்செடி லிண்ட்லி முன்னரே நிறுவிய டிராபிடியா பேரினத்தைச் சேர்ந்தது என்று பின்னர் முடிவாயிற்று. முந்திய பெயருக்கே உரிமை என்னும் விதியின்படி கோவிந்தூயியா இன்று ஒத்தபெயர்ப் பட்டியலில் கிடக்கிறது. அதை மறுத்தது காலனியம் அன்று. நடுநிலையான ஒரு விதி. நடுநிலை விதி யாருடைய பெயர்களை மிகுதியாகக் காக்கிறது என்பது வேறு வினா. முந்தி அச்சிட வாய்ப்புப் பெற்றவர் எவரோ அவருடைய பெயர்களையே அது காக்கும். ஓவியருக்குக் கிடைத்த இந்தச் சிறு இடமும் திரட்டாளருக்குக் கிடைக்கவில்லை. உலர்மாதிரித் தாள்களில் ‘வைட்’ என்ற ஒற்றைப் பெயரே திரட்டியவர் பெயராக நிற்கிறது.

பெயரும் மாதிரியும்

ப்ரோட்ரோமஸில் ஒவ்வொரு சிற்றினத்தின் கீழும் முந்தைய நூல்களின் பெயர்கள் தொகுக்கப்பட்டுள்ளன. வான் ரீடின் மேற்கோள்கள் வழியாக மலையாளப் பெயர்களுக்கு அங்கு இடம் கிடைத்தது. தமிழ்ப் பெயருக்கு அத்தகைய நிலையான இடமில்லை. மேற்கோள் காட்டத்தக்க ஒரு தமிழ்ப் பதிப்பு முன்னரே இல்லாமற் போனதன் விளைவு இது. முசுமுசுக்கையின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1840இல் ஆர்னாட், சென்னையில் வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழிலேயே இக்கொடிக்கு முக்கியா என்னும் புதிய பேரினத்தை நிறுவினார். அப்பெயர் வான் ரீடு பதிந்த ‘முக்காப்பிரி’ என்னும் மலையாளச் சொல்லிலிருந்து பெறப்பட்டது. சென்னைக் கொடி, சென்னை இதழ். சொல் மட்டும் கொச்சியிலிருந்து வந்தது. பின்பு 2007இல் மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் முக்கியா நீக்கப்பட்டு, லின்னேயஸின் குக்குமிஸ் மீண்டும் வந்தது.

கீழாநெல்லியின் நிலை இன்னும் சிக்கலானது. நெடுங்காலம் சித்த மருத்துவ நூல்களும் பாடநூல்களும் அதை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதின. ‘நிரூரி’ மலையாளக் கரையிலிருந்து சென்ற சொல். ஆயினும் அப்பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது, இந்தியாவில் வளர்வதன்று என்பதை 1950களில் வெப்ஸ்டர் நிறுவினார். நம் கீழாநெல்லிக்கு இன்று வழங்கும் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்ற பெயர் 1827இல் மேற்கு ஆப்பிரிக்க மாதிரியின் அடிப்படையில் இடப்பட்டது. இலத்தீன் பெயரின் பொருளோ ஓசையோ எதையும் உறுதி செய்வதில்லை. அதை ஒரு செடியோடு பிணைப்பது ஏதோ ஒரு காப்பகத்தில் உள்ள ஓர் உலர்ந்த தாள் மட்டுமே.

சங்க இலக்கிய ஆய்வுக்கு இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. பி. எல். சாமியின் சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம் (1967), கு. சீனிவாசனின் சங்க இலக்கியத் தாவரங்கள் (1987) ஆகியன இத்துறையின் அடித்தளங்கள். இருவரும் தாவரவியலை நேரடியாக அறிந்தவர்கள். பாட்டில் வரும் நிறம், பருவம், நிலம் ஆகியவற்றைச் செடியோடு பொருத்திப் பார்த்தே பெயரிட்டனர். அவர்களுக்குப் பின் வந்த பதிப்புகளும் ஆய்வேடுகளும் அந்த வாதத்தை விட்டுவிட்டு இலத்தீன் பெயரை மட்டும் அடைப்புக்குறிக்குள் எடுத்துக்கொள்கின்றன. காயா ஒரு நூலில் மெமெசைலான் எடுலே, மற்றொன்றில் மெமெசைலான் அம்பெல்லாட்டம். இம்முரண் பாடலின் பொருள் பற்றியதன்று. தாவரவியலாளர் அவ்விரு சிற்றினங்களின் எல்லையை எவ்வாறு கொண்டனர் என்பதைப் பொறுத்தது. அதை அறியாத ஆய்வாளர் ஒருவரைப் பிழை என்றும் மற்றவரைச் சரி என்றும் தீர்ப்பளிக்கிறார். அனிச்சம் பற்றிய வாதங்களில் இது இன்னும் மோசமாகிறது. அங்கே இலத்தீன் பெயர் ஓர் ஊகமாக முன்வைக்கப்பட்டு, அடுத்த நூலில் முடிவாக மேற்கோள் காட்டப்படுகிறது.

இப்பெயர்கள் தமிழ் நூல்களுக்கு வந்த வழி பெரும்பாலும் கேம்பிளும் அவருக்குப் பின் ஃபிஷரும் எழுதிய சென்னை மாகாணத் தாவரநூல் (1915–1936). அதன் அடியில் பெந்தாம்–ஹூக்கர் முறையும், அதற்கும் அடியில் வைட்டின் படங்களும் மாதிரிகளும் உள்ளன. அடைப்புக்குறிக்குள் ஓர் இலத்தீன் பெயரை எழுதும் தமிழாய்வாளர், இரங்கையா கோட்டால் முடிவு செய்த ஒரு சூலகத்தையும் பெயர் தெரியாத ஒருவர் நாகப்பட்டினத்துக்கு அருகே உலர்த்திய ஒரு கிளையையும் நம்பி எழுதுகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

வைட்டின் மாதிரிகள் கியூவிலும் எடின்பரோவிலும் உள்ளன. சாமுவேல் பிரவுன் அனுப்பியவை இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்லோன் தொகுப்பில் உள்ளன. ஆனால் இதற்காக இலண்டன் செல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்தில், சென்னை ஹெர்பேரியம் என்ற பழைய பெயரோடு இயங்கும் காப்பகம் உண்டு. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் ரேப்பினாட் ஹெர்பேரியம் உண்டு. சங்கத் தாவரம் ஒன்றுக்கு இலத்தீன் பெயர் தரும் ஆய்வேடு, இன்ன இடத்தில் இன்ன பெயரால் மக்கள் சுட்டும் செடியின் மாதிரி, இன்ன காப்பகத்தில் இன்ன எண்ணில் உள்ளது என்ற ஒரு வரியைச் சேர்ப்பது கடினமான வேலையன்று. தாவரவியல் ஆய்வேடுகளில் இது வழக்கமே. தமிழ்த்துறை ஆய்வேடுகளிலும் அவ்வரி இடம்பெற்றால், நாளை பேரினப் பெயர் மாறினாலும் ஆய்வாளர் எச்செடியைக் குறித்தார் என்பது தெளிவாக இருக்கும்; மாதிரித் தாளில் தமிழ்ப் பெயரும் அதைச் சொன்ன ஊரும் எழுதப்பட்டிருக்கும். சாமுவேல் பிரவுன் 1690களில் தம் தாள்களில் எழுதியனுப்பியதும் அவ்விரண்டையுமே.